சுத்திகரிப்புப் பணியாளர்களின் ஊழியர் சேமலாப நிதி நிலுவை தொடர்பான மீள் கோரிக்கை மனு

மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா,

சம்பளத்தில் கழித்த பணத்தை ஒப்பந்த நிறுவனம் வைப்பிலிடாமை

திருகோணமலை நகரிலுள்ள அரச நிறுவனமொன்றின் துப்புரவுப் பணியை விலைமனு மூலம் பொறுப்பேற்ற தனியார் நிறுவனத்தின் கீழ், சுத்திகரிப்புப் பணியாளர்களின் மேற்பார்வையாளராகக் கடமையாற்றுகின்றேன். என் பொறுப்பிலுள்ளவர்களில் அநேகர் கிண்ணியா, தம்பலகாமம், பாலையூற்று, அன்புவழிபுரம், சாம்பல்தீவு ஆகிய இடங்களிலிருந்து வரும் பெண்கள். இவ்விடயத்தை உரிய அலுவலகத்திற்கு ஏற்கெனவே எழுத்துமூலம் அறிவித்திருந்தோம். பதிவுத் தபாற் பற்றுச்சீட்டுகள் எங்களிடம் இருக்கின்றன, பதில்தான் வரவில்லை. ஆகவே பின்வரும் விடயங்களைத் தங்களுடைய நேரடிக் கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகின்றேன். நிறுவனங்களின் பெயர்களும் பணியாளர்களின் அங்கத்துவ இலக்கங்களும் தனி இணைப்பில் உள்ளன.

1. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி, பணியாளரின் சம்பளத்தில் கழிக்கப்படும் 8 வீதத்துடன் தொழில்தருநர் தமது பங்காக 12 வீதத்தைச் சேர்த்து அடுத்த மாத முடிவுக்குள் வைப்பிலிட வேண்டும் என்பதும், 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கை நிதியத்திற்கு மேலும் 3 வீதத்தைத் தம் கையிலிருந்தே செலுத்த வேண்டும் என்பதும் தாங்கள் அறிந்தவையே. மாதம் 30,000 ரூபாய் சம்பளம் பெறும் ஒருவருக்கு இவை முறையே 2,400, 3,600, 900 என மொத்தம் 6,900 ரூபாயாகும். எங்கள் சம்பளச் சீட்டுகளில் 8 வீதக் கழிப்பு ஒரு மாதமும் தவறியதில்லை. ஆனால் கணக்கு விபரம் எடுத்துப் பார்த்தவர்களின் பெயரில் கடந்த ஆண்டு முதல் ஒரு சதமேனும் வரவு வைக்கப்படவில்லை.

2. இந்தப் பணம் எங்கள் பெண்களுக்கு என்னவென்பதைத் தாங்கள் அறிய வேண்டும். வருடத்தின் நடுப்பகுதியில் சுற்றுலாப் பருவம் தொடங்கியதும் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் இதே வேலைக்குக் கூடுதலான கூலி கிடைக்கின்றது. மாரி தொடங்கினால் அங்கே வேலை இல்லை. வருடம் முழுவதும் வேலையும், முதுமைக்குச் சேமலாப நிதிப் பணமும் உண்டென்று நம்பியே இவர்கள் கூடுதல் கூலியை விட்டு இங்கே நின்றார்கள். விடியற்காலை பஸ் பிடித்து வந்து, ஆறு மணிக்கு மலசலகூடங்களிலிருந்து வேலையைத் தொடங்கி, மாடிப்படிகளையும் நடைபாதைகளையும் கிருமிநாசினி விட்டுத் துடைத்து முடிப்பவர்கள் இவர்கள். முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட கிண்ணியாத் தாயார் ஒருவர், பெண்கள் 50 வயதில் இந்நிதியைப் பெறலாம் என்பதால் விண்ணப்பிக்கப் போனார். பணம் வந்து சேரவில்லை, நிறுவனத்திடம் கேளுங்கள் என்றார்கள். நிறுவனத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளர் கொழும்பில் பேசச் சொன்னார். கொழும்பில் தொலைபேசியை எடுப்பவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சிங்களம் தெரியாது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின்னர் படகுத் துறையில் காத்து நிற்கும் தொல்லை நீங்கியதென்றாலும், ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் காத்திருந்து வெறுங்கையுடன் திரும்பும் தொல்லை அவருக்குத் தீரவில்லை. வீங்கிய காலுடன் இப்போது வீடுகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துச் சீவிக்கின்றார். பாலையூற்றைச் சேர்ந்த இன்னொருவர், தமது சேமலாப நிதி மீதியைப் பிணையாகக் காட்டி வீடமைப்புக் கடன் பெற எண்ணியிருந்தார். மீதி போதாதென்று அவருடைய வீடு கூரையின்றி நிற்கின்றது. வேலையில் இருப்பவர்களோ விசாரிக்கப் போனால் அரைநாட் சம்பளத்தை இழக்கின்றார்கள். ஏனெனில் அலுவலக நேரமும் அவர்களின் வேலை நேரமும் ஒன்று. உழைத்த பணத்தைக் கேட்பதற்கே கூலியை இழக்க வேண்டுமா, ஐயா?

3. சம்பளச் சீட்டை அவர்களின் கையில் கொடுப்பவன் நான். "எங்கட காசு எங்க, சேர்?" என்று அவர்கள் என்னிடமே கேட்கின்றார்கள்.

4. ஒப்பந்தகாரர் மாறும்போது நாங்கள் அதே கட்டடத்தை அதே துடைப்பத்தால் கூட்டினாலும், எங்கள் சேவைக்காலம் மீண்டும் புதிதாக முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் ஐந்து வருட சேவையைக் கேட்பதால் பணிக்கொடையும் எங்களுக்கு எட்டுவதில்லை. அது வேறொரு மனுவுக்குரியது. பணிக்கொடை இல்லாத எங்களுக்கு எஞ்சியிருந்தது சேமலாப நிதி ஒன்றே என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகின்றேன்.

5. தற்போதைய ஒப்பந்தமும் விரைவில் முடிவடைகின்றது. இறுதிக் கொடுப்பனவும் பிணை வைப்பும் அந்நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டால், அதன் பிறகு அவர்களை எங்கே தேடுவது? தாமதித்துச் செலுத்துபவர்களுக்கு 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கின்றது, வழக்குத் தொடரவும் இடமிருக்கின்றது. இருந்தும் எங்கள் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுத யாருக்கும் இயலவில்லை. ஒரு நாள் நாங்கள் கூட்டாமல் விட்டால் மதியத்துக்குள் முறைப்பாடு வருகின்றது. எங்கள் முறைப்பாட்டுக்கு மாத்திரம் ஏன் மாதக்கணக்கில் மௌனம்? இந்தப் பெண்கள் சலுகை கேட்கவில்லை, நிவாரணம் கேட்கவில்லை. தங்கள் சம்பளத்தில் வெட்டிய பணம் எங்கே என்று கேட்கின்றார்கள். கடுமையாக எழுதுவதாகத் தோன்றினால் மன்னிக்க வேண்டும், ஆனால் இதைவிட மென்மையாக எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

ஆகவே, பங்களிப்புகள் செலுத்தப்பட்டதற்கான சி படிவங்களையும் வங்கிப் பற்றுச்சீட்டுகளையும் மாதவாரியாகக் காட்டும் வரை அந்த ஒப்பந்த நிறுவனத்திற்கான இறுதிக் கொடுப்பனவையும் பிணை வைப்பையும் விடுவிக்காதிருக்குமாறு, நாங்கள் துப்புரவு செய்யும் அரச நிறுவனத்தின் தலைவருக்கு அறிவுறுத்தும்படியும், தொழில் திணைக்கள அதிகாரி ஒருவரை எங்கள் வேலைத்தலத்திற்கே அனுப்பிச் சம்பளச் சீட்டுகளைப் பரிசோதிக்கச் செய்யும்படியும், எடுக்கும் நடவடிக்கையைத் தமிழில் எழுத்துமூலம் எங்களுக்கு அறியத்தரும்படியும் தங்களை மிகவும் வேண்டிக்கொள்கின்றேன்.

மீண்டும் வேண்டுகின்றேன், ஐயா: அந்த இறுதிக் கொடுப்பனவை நிறுத்தி வையுங்கள். அது போன பின்னர் நடக்கும் எந்த விசாரணையாலும் எங்களுக்குப் பயனில்லை.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
மேற்பார்வையாளர், சுத்திகரிப்புப் பிரிவு
(பணியாளர்களின் கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)