நீக்கும் முன் பிழைப் பதிவைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினியில் மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தள சர்வரை (தரவைச் சேமித்து வைத்து, கேட்கும்போது எடுத்துத் தரும் மென்பொருளை) முதன்முறையாக நிறுவி, அது இணைப்பு தராமல் தவிக்கும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை, நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவு என்பதுதான். இந்த அறிவுரை பல வேளைகளில் சிக்கலைத் தீர்க்காததோடு, இருந்த தடயத்தையும் அழித்துவிடக்கூடும் என்பதைத் தங்கள் நாளிதழின் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

திரையில் வரும் பிழை எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் 2003 என்று வந்தால் சர்வரை எட்டவே முடியவில்லை என்று பொருள். சொந்தக் கணினியில் என்றால் அது இயங்கவில்லை, அல்லது வேறு போர்ட்டில், அதாவது இணைப்புகளை ஏற்கும் வேறொரு வாசல் எண்ணில், இயங்குகிறது. 1045 என்று வந்தாலோ நிலைமை நேர்மாறானது. சர்வர் நன்றாகவே இயங்குகிறது, அழைப்பையும் ஏற்றிருக்கிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும்தான் பொருந்தவில்லை. இரண்டையும் ‘கனெக்ட் ஆகவில்லை’ என்று ஒன்றாகச் சொல்லிவிடுவதால், கடவுச்சொல்லை மாற்றியமைக்க வேண்டியவர் மென்பொருளையே நீக்குகிறார். நீக்கிய பிறகும் தரவுக் கோப்புறை பல நேரங்களில் வட்டிலேயே தங்கிவிடும். புதிதாக நிறுவிய சர்வர் அதையே எடுத்துக்கொண்டால், பழைய கடவுச்சொல்லும் கூடவே வந்து சேர, அதே 1045 மீண்டும் தோன்றுகிறது.

சர்வரே இயங்கவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடம், சர்வர் தன் சிக்கல்களை எழுதிவைக்கும் பிழைப் பதிவுக் கோப்பு. விண்டோஸில் இது வழக்கமாகத் தரவுக் கோப்புறைக்குள், கணினியின் பெயரைத் தாங்கி இருக்கும். லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவில் பதிவுகளுக்கான பொதுக் கோப்புறையில் இருக்கும். கடைசிச் சில வரிகளைப் படித்தாலே போதும். 3306 என்ற போர்ட்டில் ஏற்கெனவே வேறொரு சர்வர் இயங்குகிறதா என்று அந்தக் கோப்பே கேட்டிருக்கும் வரியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இணையதளம் உருவாக்கிப் பழகுவதற்காக முன்பு நிறுவிய ஏதாவதொரு தொகுப்பு, தனக்கென ஒரு தரவுத்தள சர்வரைக் கொண்டுவந்து அந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதை நிறுத்தினால் போதும், அல்லது புதியதற்கு 3307 என்று வேறு எண் தந்தால் போதும். எதையும் நீக்க வேண்டியதில்லை.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது, வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்துவிடு, சர்வரை 0.0.0.0 என்ற முகவரியில் (அதாவது எந்த வலையமைப்பு வழியாக வரும் இணைப்பையும் ஏற்கும்படி) திறந்துவை என்று கூசாமல் சொல்லப்படும் யோசனை. ஒரே கணினிக்குள், கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரி வழியாக நடக்கும் இணைப்புக்கு இவை பொதுவாகத் தேவையே இல்லை. 2017 தொடக்கத்தில், கடவுச்சொல் இன்றி இணையத்தில் திறந்துகிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி (இது இன்னொரு தரவுத்தள மென்பொருள்) தரவுத்தளங்களை அழித்துவிட்டு, தரவைத் திருப்பித் தரப் பணம் கேட்ட கும்பல்களை நினைத்துப் பார்த்தால், பழகுவதற்காக நிறுவிய சர்வர்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது.

கணினிப் பக்கங்களில் நிறுவும் முறையைப் படிப்படியாக விளக்கும்போது, பிழைப் பதிவு எங்கே இருக்கிறது, சர்வர் இயங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பது, எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதற்கும் சில வரிகள் ஒதுக்க வேண்டும் என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்