ஈசிஜி கட்டிலுக்கு ஒரு திரை கேட்டு ஒரு திறந்த மடல்

எங்கள் நீலகிரி மலையின் அரசு மருத்துவமனையை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஈசிஜி எடுக்கும் கட்டில் எங்கே கிடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊசி போடும் அறைக்கும் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, வராந்தாவில். அந்தக் கட்டிலைச் சுற்றி ஒரு திரை வேண்டும், படுப்பவருக்குப் போர்த்த ஒரு கம்பளி வேண்டும் என்று திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்போது அதோடு இரண்டு ஈசிஜி தாள்களும் சேர்ந்திருக்கின்றன. இரண்டும் ஒரே பெண்ணுக்கு ஒரே நாளில் எடுத்தவை. காலையில் இங்கே எடுத்தது ஒன்று, மாலையில் கோவையில் எடுத்தது ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு வேறு ஆட்களுடையது என்றுதான் யாரும் சொல்வார்கள்.

நான் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். ஈசிஜி எடுத்துப் பழகிய கை. அதனால் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் மாதம். தலைகுந்தாவில் புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும் நாட்கள். எங்கள் லயனில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கும் ஒரு அக்கா, எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர், விடியற்காலையில் நெஞ்சை அடைக்கிறது என்றார். முதலில் வாயு என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் குடித்துப் பார்த்திருக்கிறார். இடது கை கனக்கிறது என்று சொன்ன பிறகு யாரும் காத்திருக்கவில்லை, ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

ஈசிஜி எடுக்க வந்த தம்பியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. டெக்னீஷியன் இடம் காலி. புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் அவர்தான், ஈசிஜிக்கும் அவர்தான். “ஜாக்கெட்டக் கழட்டுங்கம்மா” என்றார். எதிரே மருந்துக்கு நின்ற வரிசையில் பாதிப்பேர் ஆண்கள். அதில் ஒருவர், அக்காவைத் தினமும் வேலை வாங்கும் மேஸ்திரி. அக்கா சால்வையை விலக்கி, ஸ்வெட்டரைத் திறந்து, ஜாக்கெட்டின் மேல் கொக்கியை மட்டும் கழற்றினார். அதற்கு மேல் கை போகவில்லை. நான் என் சால்வையை விரித்துப் பிடித்தேன். ஒரு ஆள் பிடிக்கும் சால்வை கட்டிலின் ஒரு பக்கத்தைத்தான் மறைக்கும். “தம்பி, லீட இன்னும் கீழ இறக்கி வைப்பா” என்றேன். நெஞ்சில் ஒட்டும் ஆறு முனைகளைத்தான் லீட் என்போம், வி1 முதல் வி6 வரை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினார்.

திறந்திருந்த இடத்தில் ரப்பர் பல்புகளை அமுக்கி ஒட்டினார் அந்தத் தம்பி. வி1, வி2 இரண்டும் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே. வி4 முதல் வி6 வரை துணிக்குள் கையை விட்டு, மார்பின் மேலேயே. அதில் ஒன்று பிடிக்காமல் கழன்று விழுந்தது, மறுபடி ஒட்டினார். ரெக்ஸின் கட்டிலும் குளிர், ஜெல்லும் குளிர். அக்காவுக்கு உடம்பெல்லாம் நடுக்கம். வந்த தாளில் கோடு கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்ந்து போனது. தாளின் தலைப்பில், பழைய மாரடைப்பாக இருக்கலாம் என்று மெஷின் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. லீட் எங்கே ஒட்டியிருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது. சொன்ன இடத்தில்தான் இருக்கிறது என்று நம்பி எழுதும்.

டியூட்டி டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார், மாத்திரைகளைக் கொடுக்கச் சொன்னார், 108-ஐ வரவழைத்துக் கோவைக்கு அனுப்பினார். அவர் செய்தது சரி. கையில் அந்தத் தாள், எதிரே நெஞ்சுவலிக்காரர் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டும்வரை பனிமூட்டம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அக்காவுக்கு வாந்தி. கோவையில் ஒரு சிஸ்டர் திரையை இழுத்துவிட்டு, கம்பளியைப் போர்த்தி, நடுக்கம் அடங்கும்வரை பேச்சுக் கொடுத்துவிட்டு ஈசிஜி எடுத்தார். சுத்தமான கோடு. ரத்தத்தையும் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். மறுநாள், இதயத்தில் ஒன்றும் இல்லை, வயிற்றுப் புண்ணைக் கவனியுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வர வாடகை வண்டி, அந்த வாரத்துப் பேர், அதாவது நாட்கூலி, போனது, மகன் வாங்கிய கைமாற்று, இதெல்லாம் தனி.

‘நல்லவேளை, ஒன்றுமில்லையே’ என்று நீங்கள் சொல்லக்கூடும். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அக்கா சொன்னது வேறு: “இனிமே நெஞ்சே வெடிச்சாலும் அந்த வராந்தாவுல போய்ப் படுக்க மாட்டேன்.” லயனில் உள்ள மற்றப் பெண்களும் இப்போது அதையே சொல்கிறார்கள். அடுத்தவருக்கு வரும் வலி நிஜமான மாரடைப்பாக இருந்தால், அவர் வீட்டிலேயே இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு இருப்பார். ஐயா, எனக்குத் தூக்கம் போனது இதை நினைத்துத்தான்.

ஒரு துணி எங்கள் உயிரோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது என்று கேட்பீர்களானால், ஈசிஜி எடுக்கும் முறையே அதற்குப் பதில். தொண்டைக்குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் நெஞ்செலும்பில் ஒரு சிறு மேடு தட்டுப்படும். அதன் பக்கவாட்டில் இருப்பது இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணிக்கொண்டே நான்காவது இடைவெளிக்கு இறங்க வேண்டும். நெஞ்செலும்பின் வலது ஓரத்தில் வி1, இடது ஓரத்தில் வி2. அடுத்து வைப்பது வி3 அல்ல, வி4: ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவுக்கு நேர் கீழே. வி2-க்கும் வி4-க்கும் நடுவே வி3. வி4-இன் மட்டத்திலேயே அக்குளை நோக்கி வி5, வி6. பெண்களுக்கு மார்பைச் சற்று உயர்த்தி அதன் அடியில் வைப்பதே வழக்கம். புறங்கையால் உயர்த்த வேண்டும், அதற்கு முன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும் என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். விலாவை விரலால் எண்ணாமல் கண் மதிப்பில் வைத்தால் வி1, வி2 மேலே ஏறிவிடும். ஒரு இடைவெளி ஏறினாலே அலைகளின் உயரம் மாறும். நல்ல இதயம் பழைய மாரடைப்பு வந்த இதயம் மாதிரித் தெரியும். அக்காவுக்கு நடந்தது இதுதான். ஆனால் எண்ணுவதற்கு முதலில் நெஞ்சு திறந்திருக்க வேண்டும். மேஸ்திரி முன்னால் எந்தப் பெண் திறப்பாள்?

நடுக்கமும் இப்படித்தான். சாதாரண நெஞ்சுவலி என்று வீட்டுக்கு அனுப்புவதா, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதா என்ற முடிவு அந்தத் தாளில் 1 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் உயர்வைப் பார்த்து எடுக்கப்படுகிறது. குளிரில் தசை நடுங்கினால் கோடே அந்த அளவுக்குத் தடித்துவிடும். சமவெளியில் இது ஒரு தொந்தரவு. இங்கே டிசம்பர், ஜனவரியில் தினசரிக் கதை. ஒரு கம்பளி போதும். கை கால்களில் மாட்டும் கிளிப்புகளுக்குக் கம்பளியை முழுதாக விலக்க வேண்டியதுகூட இல்லை.

லீட் வைக்கும் இந்த இடங்கள் 1938-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் இதய மருத்துவர்கள் சேர்ந்து வகுத்தவை. இத்தனை வருடத்தில் மெஷின் கைப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. நம் மாநிலத்தில் 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கு முதலுதவி மாத்திரைகளாக ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாடின் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். நெஞ்சுவலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துவிட வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்த விதிதான். எல்லாம் வந்துவிட்டது. திரை மட்டும் பரிசீலனையில் உள்ளது.

துணிக்குத்தான் பஞ்சம் என்றால் அதையும் நம்ப முடியவில்லை. மே மாதம் மலர்க் கண்காட்சி வந்தால் இந்த மலையில் எத்தனை பந்தல், எத்தனை தோரணம், எத்தனை வண்ணத் துணி! போன ஆய்வின்போது அந்த வராந்தாவிலேயே பச்சைத் துணி போட்ட மூன்று மடிப்புத் திரை ஒன்று நின்றது. நானே பார்த்தேன். ஆய்வுக்கு வந்தவர்களின் கார் கிளம்பியது, திரையும் கிளம்பிவிட்டது. எங்கே போனது என்று கேட்டால் ஸ்டோரைக் காட்டுகிறார்கள், ஸ்டோரில் கேட்டால் சாவி வைத்திருப்பவர் லீவு. நிர்வாக அறையில் ஹீட்டர் எரிகிறது. கோப்புகளுக்குக் குளிருமோ என்னவோ. அப்புறம், இ-பாஸ் எடுத்துக்கொண்டு மலை ஏறி வரும் விருந்தாளிகளுக்கு நெஞ்சு வலித்தாலும் இதே வராந்தாதான். அதை அந்தப் பாஸிலேயே அச்சடித்துவிட்டால், பெண்கள் ஸ்வெட்டருக்குள் என்ன போட்டு வர வேண்டும் என்று யோசித்து வருவார்கள்.

மன்னிக்கவும். கேட்க வந்ததை மறுபடி சொல்கிறேன். கட்டிலைச் சுற்றி, கூரைக் கம்பியில் ஓடும் ஒரு திரை. துவைத்து மாற்ற இரண்டு கம்பளி. இவ்வளவுதான் உடனடித் தேவை. காலியாக உள்ள டெக்னீஷியன் இடத்துக்குப் பெண் ஒருவரைப் போட்டால் நல்லது. அதற்கு உங்கள் கையில் மட்டும் அதிகாரம் இல்லை என்று தெரியும், காத்திருக்கிறோம். அதுவரை ஈசிஜி எடுக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் விலா எண்ணுவது எப்படி என்று ஒரு மத்தியான நேரம் ஒதுக்கினால், சம்பளம் எதுவும் வேண்டாம், நானே வந்து சொல்லித் தருகிறேன்.

திரைக்கு நிதி வரவில்லை என்றால் அதையும் எழுத்தில் தெரிவியுங்கள். லயன் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் துணி வாங்கத் தயாராக இருக்கிறார்கள். தைக்க ஆள் இருக்கிறது. உங்கள் கூரையில் நான்கு கொக்கி அடிக்க அனுமதி மட்டும் வேண்டும். அடுத்த உறைபனிக்கு முன் அந்த அனுமதிக் கடிதம் கிடைத்தால் நன்றியோடு இருப்போம்.

பணிவுடன்,
நீலகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்