குடம் நிரம்பும் நேரம்: மெட்டி ஒலி குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும், குழுவில் இருக்கும் அக்கா, தங்கை, அண்ணன், தம்பி அனைவருக்கும் வணக்கம்.

சன் டிவியில் வந்த மெட்டி ஒலி தொடரைச் சேர்ந்து மறுபடி பார்த்துப் பேசும் நம் குழுவில் போன ஞாயிறு இரவு ஓர் அறிவிப்பு வந்தது. முப்பது நாளாக ஒரு வார்த்தையும் எழுதாதவர்கள் மாதக் கடைசியில் நீக்கப்படுவார்கள், ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் இருந்தால் போதும் என்று. அதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்தாலும் அதே நினைப்பு. நேற்று ஒரு ரவிக்கைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டு, பிரித்து மறுபடி தைத்தேன். இந்த மடலை எழுதாமல் வேலை ஓடாது என்று அப்போதுதான் புரிந்தது.

உங்கள் கவலை நியாயமானது. இந்த இரண்டாவது சுற்றைத் தொடங்கியபோது தினமும் நாற்பது, ஐம்பது பேர் பேசினார்கள். இப்போது ஏழெட்டுப் பேர். அதிலும் பாதி, காலை வணக்கப் பூங்கொத்து. இப்படியே போனால் குழு தானாகவே அணைந்துவிடும் என்று நீங்கள் பயப்படுவது எனக்குத் தெரிகிறது. ஆனால் போனவர்கள் ஆர்வம் குறைந்துதான் போனார்கள் என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பது தவறு. அவர்கள் பின்தங்கிவிட்டார்கள். பின்தங்கியபின் திரும்பி வரக் கூச்சப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை எல்லோருடைய கதையும் இதுதான்.

காசிமேட்டு அண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமான அந்த 61 நாளும் குழுவில் முதலில் பேசியவர் அவர்தான். வலையைப் பிரித்துப்போட்டுச் சீர்செய்துகொண்டே பார்ப்பார். பின்னால் கடல் இரைச்சல் கேட்க, தொடரில் வரும் மாமியாரை, மாணிக்கத்தின் அம்மாவைத் திட்டிக் குரல் பதிவு போடுவார். தடை முடிந்தது, விசைப்படகில் போய்விட்டார். பத்து நாள் கழித்துக் கரைக்கு வந்து போனைத் திறந்தால், நாம் நாளுக்கு இரண்டு என்று ஓடியதில் இருபது எபிசோடு தாண்டியிருக்கிறோம். ஏலத்தில் சங்கரா மீன் வாங்கப் போனபோது அவரைப் பார்த்தேன். ஏன் பேசுவதே இல்லை என்று கேட்டேன். "விட்ட இடத்துக்கு வந்து பார்த்தால் நீங்கள் எல்லோரும் வேறு ஊருக்குப் போய்விட்டீர்கள் அக்கா" என்றார். ஐஸ் பெட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கள் கணக்குப்படி அவர் ஆர்வம் இல்லாதவர்.

கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2002இல் மெட்டி ஒலி தொடங்கியபோது நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் எட்டுக் குடித்தனம் இருந்த ஒரு வீட்டில் இருந்தோம். டிவி வீட்டுக்கார அம்மாவிடம் மட்டும்தான். நடையில் இடம் பிடித்து உட்காருவோம். விளம்பரம் வந்ததும் தெருவெங்கும் அடிபம்பு சத்தம் கேட்கும். தொடர் ஆரம்பித்ததும் அத்தனை சத்தமும் ஒரே நேரத்தில் நிற்கும். வேலைக்குப் போய் அன்றைய எபிசோடைத் தவறவிட்டவர்களுக்கு மறுநாள் காலை பம்படியில் கதை கிடைத்துவிடும். ஒருத்தி அடிப்பாள், ஒருத்தி சொல்வாள். குடம் நிரம்புவதற்குள் முழு எபிசோடும் முடிந்திருக்கும். "நீ ஏன் நேற்று வரவில்லை" என்று யாரும் கேட்டதில்லை. தண்ணீருக்கு வந்தவளுக்குக் கதையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

மொத்தம் 811 எபிசோடு. வாரத்துக்கு ஐந்து என்றால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. 2005 வரை அப்படித்தான் போனது. அந்த மூன்று வருடத்தில் எங்கள் குடித்தனத்தில் இரண்டு கல்யாணம், ஒரு பிரசவம், ஒரு சாவு. யாருக்கும் தொடர் கைநழுவவில்லை, பம்படி இருந்ததால். 2020 ஊரடங்கில் சன் டிவி அதை மறுபடி ஒளிபரப்பியபோது எங்கள் கடைவீதியான எம்.சி. ரோடு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது, எல்லோரும் வீட்டில் இருந்தோம். அந்த நேரத்தில் பிறந்த குழு இது. அப்போது பின்தங்க யாருக்கும் வழியே இல்லை. இப்போது வாழ்க்கை பழையபடி ஓடுகிறது. நாமோ ஞாயிறு உட்பட வாரத்துக்குப் பதினான்கு எபிசோடு ஓடுகிறோம். தொலைக்காட்சியே ஓடாத வேகம் இது. துறைமுக வாசலில் கன்டெய்னர் லாரி வரிசையில் நிற்கும்போது பார்க்கும் தம்பி இருக்கிறார். வரிசை நகர்ந்துவிட்டால் அன்றைக்குப் பாதியோடு நிற்கும். இரவுப் பணி பார்க்கும் செவிலியர் இருவர் இருக்கிறார்கள். இவர்களுடைய வேகத்துக்கு நாம் இறங்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா குரல் பதிவில் பேசுவார், எழுதத் தெரியாதவர். அவர் பேச்சில் இருந்த ஒரு சொல்லை எடுத்து, அதை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று ஒருவர் திருத்தினார். கூடவே நான்கைந்து சிரிப்புப் பொம்மைகள். திருத்தியவர் கெட்டவர் இல்லை, விளையாட்டாகத்தான் செய்தார். அந்த அம்மா அதற்குப் பிறகு பேசவே இல்லை. வட சென்னைப் பேச்சைக் கேட்டுச் சிரிக்க ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நம் குழுவுக்குள்ளும் அது வேண்டுமா? அன்றைக்கு நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. முப்பது நாள் கணக்கில் அவரும் இருக்கிறார்.

பேசாதவர்கள் பயனில்லாதவர்கள் என்று நினைப்பவர்கள் 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயல். தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது, மின்சாரம் இல்லை, எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்யும் வந்தது. வியாசர்பாடியில் கைக்குழந்தையோடு மாட்டிக்கொண்ட ஒரு தங்கை, சார்ஜ் தீரும் தறுவாயில் குழுவில் ஒரு வரி போட்டார். பால் பவுடரோடு இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்க் கொடுத்தவர் யார்? சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தைகூட எழுதாத ஒருவர். தினமும் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தார், அதனால் அந்த வரி அவர் கண்ணில் பட்டது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் வேகம். வாரத்துக்கு ஐந்து எபிசோடு போதும். சனியும் ஞாயிறும், விட்டவர்கள் பிடித்துக்கொள்வதற்கு. சனிக்கிழமை காலை யாராவது ஒருவர் அந்த வாரக் கதையை மூன்று நிமிடக் குரல் பதிவாகச் சொல்லட்டும், ஒரு குடம் நிரம்பும் நேரம். வாரம் ஒருவர், முறை வைத்து. முதல் வாரம் தண்டையார்பேட்டை அம்மாவிடம் கேளுங்கள். நானே அவர் வீட்டுக்குப் போய் அழைக்கத் தயாராக இருக்கிறேன். பொறுப்பு ஒன்று கையில் இருந்தால் ஆள் விலகமாட்டார். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறச் சொன்ன பையன் பாதியில் கிளம்புவதில்லை.

அடுத்து, கேள்வி. "இன்றைய எபிசோடு எப்படி இருந்தது" என்று கேட்டால் கட்டைவிரல்தான் பதிலாக வரும். குழு நன்றாகப் பேசிய நாள்களை நான் திருப்பிப் படித்துப் பார்த்தேன். மாணிக்கத்தின் மனைவி சரோ புகுந்த வீட்டில் ஏன் வாய் திறப்பதில்லை என்று ஒரு மருமகள் கேட்ட நாளில் நள்ளிரவு வரை பேச்சு நிற்கவில்லை. 2002இல் சரோவுக்காக அழுத நான், இப்போது மாமியார் வயதில் உட்கார்ந்து, என் மருமகள் முன்னால் நான் எப்படிப் பேசுகிறேன் என்று யோசித்தேன். அதைக் குழுவில் எழுதினேன், மூன்று மாமியார்கள் பதில் எழுதினார்கள். தொடரில் விஜியாக நடித்த உமா மகேஸ்வரி 2021இல் நாற்பது வயதில் காலமானதைப் பற்றிப் பேச்சு வந்த இரவும் அப்படித்தான். மறுபடி பார்ப்பதன் சுவையே இங்கேதான் இருக்கிறது: தொடர் அதேதான், பார்க்கிற நாம் மாறியிருக்கிறோம். அதைத் தொடும் ஒரு கேள்வி வாரத்துக்கு ஒன்று இருந்தால் போதும்.

முதன்முறையாகப் பார்க்கிறவர்களும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் வரப்போகும் கதையை உடைக்காதீர்கள். யாராவது முதல் தடவை வாய் திறந்தால், அன்றைக்கே நம்மில் ஒருவர் பெயர் சொல்லிப் பதில் கொடுக்க வேண்டும். முதல் வார்த்தைக்குப் பதில் வராதவர்கள் இரண்டாவது வார்த்தை பேசுவதில்லை. என் முதல் பதிவு இரண்டு நாள் பதிலில்லாமல் கிடந்தது. மூன்றாம் நாள் உங்களில் ஒருவர்தான், "அக்கா, நீங்கள் சொன்னது சரி" என்று எழுதினீர்கள். அந்த ஒரு வரியால்தான் நான் இன்றும் இங்கே இருக்கிறேன். உங்களுக்கு அது நினைவிருக்காது.

காசிமேட்டு அண்ணனின் படகு வரும் வெள்ளிக்கிழமை கரைக்கு வரும் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். அவர் போனைத் திறக்கும்போது கண்ணில் படுவது அந்த அறிவிப்பாக இருக்க வேண்டாம். அதற்குள் எடுத்துவிடுங்கள். இந்தச் சனிக்கிழமைக்கான கதையை நான் பேசி அனுப்புகிறேன், அவர் விட்ட இடத்திலிருந்து.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து உங்கள் உறுப்பினர்களில் ஒருத்தி