பாதுகாப்புத் திருத்தங்களைத் தடுக்கும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்பான ஸ்டேபிளில் இருந்துகொண்டே ஓரிரு பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) மட்டும் அடுத்த பதிப்புக்கான சோதனைக் கிளையான டெஸ்டிங்கிலிருந்து எடுக்கும் முறை பற்றித் தங்கள் கணினிப் பகுதியில் வந்த குறிப்பில் ஒரு திருத்தம் தேவை. பொதிகளை நிறுவும் கருவியான ஆப்டின் அமைப்பில் ‘டிஃபால்ட்-ரிலீஸ்’ வரிக்கு எதிரே ஸ்டேபிள் என்று எழுதினால் போதும் என்கிறது குறிப்பு. டெபியன் 10 வரை அது சரி. 2021 ஆகஸ்டில் டெபியன் 11 வந்தபோது பாதுகாப்புக் களஞ்சியத்தின் (பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் பொதிக் கிடங்கின்) பெயர் மாறியது. அன்றிலிருந்து அந்த வரியால் கெடுதல்தான்.

ஆப்ட் ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் ஒரு முன்னுரிமை எண் வைத்திருக்கிறது; எண் பெரியதே முந்தும். வழக்கமாக 500, டிஃபால்ட்-ரிலீஸில் குறித்ததற்கு 990. முன்பு பாதுகாப்புக் களஞ்சியத்துக்கும் ஸ்டேபிள் என்றே பெயர் என்பதால் அதுவும் 990 பெற்றது. இப்போது அதன் பெயர் ஸ்டேபிள்-செக்யூரிட்டி, 500-இலேயே நிற்கிறது. ஓட்டை அடைத்த பொதி 500-இலும் அடைக்காத பொதி 990-இலும் இருந்தால் ஆப்ட் எதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிழைச் செய்தியும் வராது. புதுப்பிக்க எதுவும் இல்லை என்று சாந்தமாகச் சொல்லிவிடும்!

ஸ்டேபிளை உயர்த்தக் கூடாது. டெஸ்டிங்கைத் தாழ்த்த வேண்டும். அந்த வரியை நீக்கிவிட்டு, ஆப்ட் அடைவிலுள்ள ‘பிரிஃபரன்சஸ்.டி’ அடைவுக்குள் ஒரு கோப்பு தொடங்கி மூன்று வரி எழுதினால் போதும்: ‘பேக்கேஜ்’ எதிரே நட்சத்திரக் குறி, ‘பின்’ எதிரே ‘ரிலீஸ் என்=ஃபோர்க்கி’ (இன்றைய டெஸ்டிங்கின் பெயர் அது), ‘பின்-ப்ரையாரிட்டி’ எதிரே 100. எல்லாம் ஆங்கில எழுத்தில். கோப்பின் பெயர் பின்னொட்டு இல்லாமலோ ‘.ப்ரெஃப்’ என்றோ முடிய வேண்டும், ‘.கான்ஃப்’ என்று முடித்தால் ஆப்ட் அதைப் படிக்காது. அந்த நிலையில் டெஸ்டிங்கும் 500 ஆகிவிடும், பதிப்பு எண் பெரிதானதே வெல்லும், அடுத்த முழுப் புதுப்பிப்பில் கணினி மொத்தமும் டெஸ்டிங்குக்குப் போய்விடும். ஆகவே முதலில் இந்தக் கோப்பு, பிறகே டெஸ்டிங் களஞ்சிய வரி. ‘ஆப்ட் அப்டேட்’ முடிந்ததும் ‘ஆப்ட் பாலிசி’ கொடுத்தால் ஸ்டேபிளும் பாதுகாப்பும் 500, டெஸ்டிங் 100 என்று வர வேண்டும்.

ஏன் 100? நிறுவிய பொதிக்கு ஆப்ட் தரும் எண் அது. 50, 90 என்று வைத்தால், டெஸ்டிங்கிலிருந்து எடுத்த பொதி எடுத்த நாளிலேயே உறைந்துவிடும்; அதன் திருத்தங்கள் தாமாக வரா. 100 என்றால் புதிய பதிப்பு வரும்போது அதுவும் நகரும், மற்றவை ஸ்டேபிளிலேயே இருக்கும். 1000 அல்லது அதற்கு மேல் வைப்பது ஆபத்து: பதிப்பைக் கீழே இறக்கக்கூட அனுமதி கொடுத்துவிடுகிறது. பதிப்பிறக்கத்தை டெபியன் ஆதரிப்பதில்லை.

நிறுவும்போது பொதியின் பெயரோடு சாய்கோடிட்டு ஃபோர்க்கி என்று எழுதினால், ஸ்டேபிளால் ஈடுசெய்ய முடியாத சார்புகள் (அது இயங்கத் தேவையான மற்றப் பொதிகள்) மட்டுமே டெஸ்டிங்கிலிருந்து வரும். அதற்குப் பதில் கொடுக்கும் ‘-டி’ விருப்பம் அந்த ஒரு முறைக்கு டெஸ்டிங் முழுவதையும் 990-க்குத் தூக்கிவிடுவதால் தேவையற்றவையும் கூடவே ஏறும். முதலில் ‘-எஸ்’ சேர்த்து ஒத்திகை பாருங்கள். பட்டியலில் ‘லிப்சி6’ தென்பட்டால் நிறுத்திவிடுங்கள். மற்றப் பொதிகள் எல்லாம் நிற்கும் அடித்தளம் அது. அதே மென்பொருள் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் இருக்கிறதா என்று தேடுவது மேல். புதிய பதிப்புகளை ஸ்டேபிளுக்காகவே கட்டித் தரும் களஞ்சியம் அது. 100 என்ற எண்ணோடேயே வருவதால் இந்தக் கோப்பும் வேண்டாம்.

இப்படிக்கு,
டெபியன் பயன்படுத்தும் வாசகர்