வெண்ணியில் விழுந்தது யார்?

அன்புள்ள மாப்ளே,

திட்டாதே. கரிகால் சோழன் ஜெயித்த வெண்ணிப் போரைப் பற்றிய உன் நாடகம் கைக்கு வந்த அன்றே படித்துவிட்டேன். பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தபோது ஒரு வரியில் சந்தேகம் வந்தது. புறநானூற்றைப் பிரித்தேன், அது அகநானூற்றுக்கு அனுப்பியது, அங்கிருந்து பொருநராற்றுப்படை. இப்போதுதான் கரையேறியிருக்கிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம். என் முழங்கால் அப்படியேதான். பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, விவரம் போனில் சொல்கிறேன். கொம்பன் ஓய்வு பெற்றுவிட்டான். இனிமேல் முழுநேர நடிகனாம். ஊர் தாங்குமா?

சரி, நாடகத்துக்கு வருகிறேன். வசனத்தில் கை வைக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் மூன்றாம் காட்சி முடிவில் கட்டியக்காரன் வந்து, "சேரனும் பாண்டியனும் மாண்டார்கள், பதினொரு வேளிரும் வீழ்ந்தார்கள்" என்று முழங்குகிறான் (வேளிர் என்றால் குறுநில மன்னர்கள்). நான்காம் காட்சியில் அதே சேரன் வடக்கிருக்கிறான், அதாவது வாளோடு வடக்கு நோக்கி உட்கார்ந்து சாகும்வரை பட்டினி கிடக்கிறான். நடுவில் அவனைப் பிழைக்க வைத்த வைத்தியர் யார்டா?

உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. வெண்ணிப் போர் என்று நாம் பள்ளியில் படித்ததே ஐந்து பாட்டுகளைப் பிடித்துத் தைத்த ஒட்டுச்சட்டைதான். ஐந்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார். முழுக்கதையை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பதினொரு வேளிர் எங்கிருந்து வந்தார்கள் தெரியுமா? அகம் 246, பரணர். அது போர்ப் பாட்டே இல்லை. ஒருத்தி புனலாட்டம் போட்டவனைப் பார்த்து, "உன்னால் ஊரில் எழுந்த அலர், கரிகாலன் வெண்ணி வாயிலில் பதினொரு வேளிரோடு வேந்தரையும் சாய்த்த அன்று அழுந்தூரில் எழுந்த ஆரவாரத்தைவிடப் பெரிது" என்று குத்திக்காட்டுகிறாள். ஊர் வம்புக்கு உவமையாக வந்த கணக்கைத்தான் நாம் படைப்பட்டியலாக்கி மனப்பாடம் செய்தோம். பரணருக்குச் சரித்திரத்தைத் திணிக்காமல் ஒரு காதல் பாட்டும் ஓடாது. அவர் "வேந்தர்" என்று பன்மையில் சொல்கிறாரே தவிர, யார் யார் என்று சொல்லவில்லை.

பாண்டியனைக் கொண்டுவருவது பொருநராற்றுப்படை. அங்கேயும் பேரில்லை. பனந்தோடும் வேம்பும் சூடிய "இருபெரு வேந்தரும் ஒருகளத்து அவிய" என்றுதான் முடத்தாமக்கண்ணியார் பாடுகிறார். மாலையை வைத்துச் சேரன், பாண்டியன் என்று நாம் அடையாளம் சொல்கிறோம். அதில் எனக்குத் தகராறு இல்லை. "அவிய" என்றால் செத்தார்களா, அடங்கினார்களா? உன் கட்டியக்காரன் அறிவிப்பு முழுக்க அந்த ஒரு சொல்லின் மேல் நிற்கிறது.

மற்ற மூன்று பாட்டிலும் பாண்டியனும் இல்லை, வேளிரும் இல்லை. தோற்றவன் ஒருவன்தான். மாமூலனார் (அகம் 55) கரிகால் வளவன், வெண்ணிப் பறந்தலை, சேரலாதன் என்று மூன்றையும் பாட்டுக்குள்ளேயே சொல்லிவிடுகிறார். அதுவும் மகளைப் பிரிந்த தாய் புலம்புகிற பாட்டு. சேரன் வடக்கிருந்தான் என்று கேட்ட சான்றோர் அவனோடு உயிரை விட்டார்களே, என் உயிர் போக மாட்டேன் என்கிறதே என்கிறாள். கழாத்தலையார் பாட்டில் (புறம் 65) வெண்ணியும் இல்லை, கரிகாலனும் இல்லை. "தன்போல் வேந்தன்" அவ்வளவுதான். பெருஞ்சேரலாதன் என்ற முழுப்பெயர் பாட்டின் அடியில் இருக்கிற குறிப்பில் வருகிறது. அந்தக் குறிப்பை யார், எப்போது எழுதினார்கள் என்பது தனிப் பஞ்சாயத்து.

இந்த முரணைத் தீர்க்க வெண்ணியில் இரண்டு போர் நடந்தது என்று எழுதியவர்களும் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. ஒரு வரியைக் காப்பாற்ற ஒரு போரையே உண்டாக்குவதா? சேரன் களத்திலிருந்து உயிரோடு வந்தான், புறப்புண்ணுக்கு (முதுகில் பட்ட காயத்துக்கு) நாணி வடக்கிருந்தான் என்பதில் மூன்று பேர் ஒத்துப்போகிறார்கள். இன்னொரு பக்கம் பொருநராற்றுப்படை, 248 அடியில் வள்ளலைப் புகழ வந்த பாட்டு. பரிசில் வாங்க வழி காட்டுகிறவர் எதிரிகளின் தலையைக் கூட்டிச் சொல்லமாட்டாரா என்ன?

நான் நம்புகிற சாட்சி அந்த மூன்றாவது பாட்டைப் பாடிய வெண்ணிக் குயத்தியார். அந்த ஊர்க்காரி, குயவர் வீட்டுப் பெண் என்று பெயரே சொல்கிறது. ஜெயித்தவனையே முன்னிலையில் வைத்து, "காற்றை ஏவல்கொண்டு நாவாய் ஓட்டியவன் வழிவந்தவனே" என்று ஏற்றிவிட்டு, "நின்னினும் நல்லன் அன்றே" (உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா) என்று தோற்றவனைத் தூக்கி வைக்கிறாள். பரிசுக்குப் பாடுகிறவள் இப்படிப் பாடுவாளா? புறம் 66, எட்டே அடி. உன் நாடகத்தில் அவளுக்கு ஒரு வசனம்கூட இல்லை! அரண்மனை நடனத்துக்கு மட்டும் இரண்டு பக்கம்.

திரை விலகும்போது "கி.பி. 190" என்று எழுதிக் காட்டுவதையும் எடுத்துவிடு. அது வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி கணக்கிட்டுச் சொன்ன உத்தேசம். பாட்டு எதிலும் ஆண்டு கிடையாது.

நீ வா, ஒருநாள் தஞ்சாவூரிலிருந்து ரயிலில் கோயில்வெண்ணிக்குப் போவோம். நீடாமங்கலத்துக்கு முந்தின நிறுத்தம். அங்கே கரும்பேஸ்வரருக்குச் சர்க்கரை நோய்க்காரர்கள் ரவையும் சர்க்கரையும் வைத்து வேண்டிக்கொள்வார்கள். எறும்பு தின்றால் நோய் குறையுமாம். நம் இருவருக்கும் தகுதி இருக்கிறது. போர்க்களம் எது என்று காட்ட அங்கே யாரும் இருக்கமாட்டார்கள், அதனால் நாமே சண்டை போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாம் காட்சியைத் திருத்தி அனுப்பு. வேளிர் வேஷத்துக்குத் தெருப் பையன்களிடம் வாக்குக் கொடுத்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பரணர் கை கொடுப்பார். பாண்டியனை எடுத்துவிடுவது நல்லது. அந்த வேஷம் கொம்பனுக்கு என்று கேள்விப்பட்டேன். அவனிடம் நீயே சொல்லிக்கொள்.

அன்புடன்,
உன் மாப்ளே