நாலு ‘டூ’வில் மூன்றை அடித்துவிட்டேன்

அன்பு மகளுக்கு,

உன் மேலாளருக்கு அனுப்பும் முன் ஒருமுறை பார்க்கச் சொல்லி நீ அனுப்பிய மின்னஞ்சலைப் படித்தேன். உடனே கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். இதைப் படிக்கும்வரை அதை அனுப்பிவிடாதே.

‘ஐ ஆம் டூ ஹேப்பி வித் தி நியூ டீம்’ என்று தொடங்கியிருக்கிறாய். பிறகு ‘தி ட்ரெயினிங் வாஸ் டூ யூஸ்ஃபுல்’, ‘எவ்ரிஒன் இஸ் டூ ஹெல்ப்ஃபுல்’. உன் மனதில் ஓடியது ‘ரொம்ப சந்தோஷம், ரொம்ப உபயோகம்’ என்பதுதான், எனக்குப் புரிகிறது. ஆனால் ஆங்கில ‘டூ’ (too) என்றால் ‘அளவுக்கு மீறி’. ‘எல்லாரும் அளவுக்கு மீறி உதவுகிறார்கள்’ என்று படிப்பவருக்குத் தோன்றினால்? உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு வேலையில் மூக்கை நுழைக்கிறார்கள் என்று நீ குறைப்படுவதாக ஆகிவிடும்.

இதில் நான் பட்டதை உனக்குச் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளிநாட்டிலிருந்து துணி வரவழைக்கும் ஒரு அலுவலகத்தில் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. ஒரு மாதிரித் துணி வந்தது, அவ்வளவு மிருது. மனம் நிறைந்து ‘தி கிளாத் இஸ் டூ சாஃப்ட்’ என்று பாராட்டி எழுதினேன். அடுத்து வந்த பார்சலைப் பிரித்தால் துணி சாக்கு மாதிரி முரடாக இருந்தது. கூடவே, உங்கள் குறையைச் சரிசெய்துவிட்டோம் என்று பணிவாக ஒரு குறிப்பு. மேலதிகாரி திட்டவில்லை. இரண்டு துணியையும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

குற்றவாளி நம் ‘ரொம்ப’தான். மிகுதியைக் காட்ட சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு உரிச்சொல்லை நன்னூல் வரிசையாகச் சொல்கிறது. மேடையில் யாராவது ‘சாலச் சிறந்தது’ என்றால்தான் அதில் ஒன்று காதில் விழுகிறது. மற்ற நேரமெல்லாம், ‘நிரம்ப’ தேய்ந்து வந்த இந்த ஒரு ‘ரொம்ப’வே எல்லா வேலையும் பார்க்கிறது. ரொம்ப நல்லவர், ரொம்பப் பிடிக்கும், ரொம்பச் சின்னச் சட்டை, போட முடியாது. மூன்றுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் இவை மூன்றும் மூன்று வீடு. நல்லவருக்கு ‘வெரி’, பிடிப்பதற்கு ‘வெரி மச்’, போட முடியாத சட்டைக்கு மட்டும்தான் ‘டூ’.

எழுதும்போது ஒன்று செய். ‘டூ’ என்று கை போனதும், ‘அதனால் எது முடியாமல் போகிறது?’ என்று கேட்டுப் பார். ‘தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி’ என்றால் தூக்க முடியவில்லை. பதில் இருக்கிறது, ‘டூ’ நிற்கலாம். ‘டூ ஹேப்பி’ என்றால் எது முடியவில்லை? பதில் இல்லையென்றால் ‘வெரி’ போடு. ‘யூ ஆர் டூ கைண்ட்’ என்று ஆங்கிலேயர்களே சொல்வார்களே என்பாய். சொல்வார்கள். இவ்வளவு அன்புக்கு நான் தகுதியில்லை என்ற உபசாரம் அது. அதை அப்படியே வைத்துக்கொள், அதன் அச்சில் வேறு வாக்கியம் வார்க்காதே.

‘வெரி’யும் எல்லா இடத்திலும் உட்காராது. ‘ஐ வெரி லைக் மை வொர்க்’ என்று நீ பள்ளி நாளிலிருந்தே எழுதுகிறாய். வினைச்சொல்லுக்கு முன்னால் ‘வெரி’ தனியாக நிற்காது. ‘ஐ லைக் மை வொர்க் வெரி மச்’ என்று கடைசியில் கொண்டுபோய் வை. ஒப்பிடும்போதும் அப்படித்தான், ‘வெரி பெட்டர்’ கிடையாது, ‘மச் பெட்டர்’.

‘வெரி எக்ஸலன்ட்’ என்பதைக் கேட்டால் எனக்குப் பல் கூசும். செக்கச்செவேல் என்று சொன்ன பிறகு ‘ரொம்பச் செக்கச்செவேல்’ என்போமா? எக்ஸலன்ட், பெர்ஃபெக்ட், இம்பாசிபிள் எல்லாம் அந்தச் சாதி. விளிம்புவரை நிரம்பிய சொற்கள், மேலே ஊற்ற இடமில்லை. அழுத்தம் வேண்டுமென்றால் ‘அப்சல்யூட்லி’ சேர்.

உன் குழுவில் பிரிட்டன்காரர் ஒருவரும் அமெரிக்கர் ஒருவரும் இருப்பதாகச் சொன்னாய். உன் அறிக்கையை இருவரும் ‘க்வைட் குட்’ என்றால் ஒரே மாதிரி பூரித்துப் போகாதே. அமெரிக்கர் பெரும்பாலும் ‘நன்றாகவே இருக்கிறது’ என்கிறார். பிரிட்டன்காரர் சொன்னால் அது ‘பரவாயில்லை’யாகவும் இருக்கலாம், குரலைக் கவனி. ‘டெரிப்லி சாரி’ என்றால் மட்டும் பதறாதே. நாம் ‘பயங்கர அழகு’ என்கிறோமே, அந்தப் பயங்கரம்தான் அது.

ஒன்று விட்டுப்போச்சு. போன மாதம் நீ காட்டிய சுயவிவரத்தில் ‘ஐ வொர்க் ஹார்ட்லி’ என்று இருந்தது. ‘நான் வேலையே செய்வதில்லை’ என்று நீயே வாக்குமூலம் கொடுத்த மாதிரி. கடின உழைப்புக்கு வெறும் ‘ஹார்ட்’ போதும். அதை இன்றைக்கே திருத்து. உன் அம்மாவிடம் சொன்னேன், சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

மின்னஞ்சலைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் மூன்று ‘டூ’வையும் ‘வெரி’ ஆக்கிவிட்டேன். கடைசி வரியில் ‘தி டெட்லைன் இஸ் டூ க்ளோஸ்’ என்று எழுதியிருக்கிறாயே, அதைத் தொடவில்லை. அந்தத் தேதிக்குள் முடிக்க முடியாது என்று நீ நிஜமாகவே நினைத்தால், அப்படியே அனுப்பு.

அன்புடன்,
அப்பா