பழைய எண், புதிய எண்

அன்புள்ள இசக்கி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நேரே வரவில்லை, ஆறு வீடு தள்ளி ஒருத்தர் வீட்டில் இரண்டு நாள் கிடந்துவிட்டுத்தான் வந்தது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். அண்ணனுக்குப் பெண் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். தேதி குறித்ததும் உடனே எழுது, டிக்கெட் போட வேண்டும். பொதிகையில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது.

"அங்கன ஒத்தையா இருக்க பயமா இல்லியாட்டி?" என்று கேட்டிருந்தாய். பயம் என்று சொல்ல மாட்டேன். முதல் மூன்று வாரம் வேறு ஒன்று இருந்தது, பெயர் வைக்கத் தெரியவில்லை. நம்மூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வருவதற்குள் நான்கு பேராவது கேட்பார்கள், எங்கே போய் வருகிறாய், அம்மா எப்படி இருக்கிறாள், யார் வீட்டுப் பிள்ளை நீ என்று. எனக்கு அது எரிச்சலாகத்தானே இருக்கும்? இங்கே திருவல்லிக்கேணியில் விடுதியிலிருந்து ஸ்டேஷன் வரை காலையும் மாலையும் நடக்கிறேன், ஒருவர்கூட ஒன்றும் கேட்பதில்லை. இருபதாவது நாள், யாராவது ஏதாவது கேட்கமாட்டார்களா என்று இருந்தது. டீக்கடையில் "சீனி கம்மியா" என்றேன். கடைக்காரர் நிமிர்ந்து, "சக்கரையாம்மா? எந்த ஊரு?" என்றார். அன்று முழுக்க எனக்கு அந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்தது.

பஸ் கதையைக் கேள். நம்மூரில் கண்டக்டர் கூட்டத்தை இடித்துக்கொண்டு நம்மிடம் வருவார். இங்கே பின்வாசல் பக்கத்தில் தன் சீட்டில் உட்கார்ந்தே இருக்கிறார். டிக்கெட் வேண்டுமென்றால் நாம்தான் காசை அவரிடம் சேர்க்க வேண்டும். நான் முகப்பில் பிங்க் பெயின்ட் இருக்கிறதா என்று பார்க்காமல் சொகுசுப் பேருந்தில் ஏறிவிட்டேன். உள்ளே போன பிறகுதான் தெரிகிறது, இதில் நமக்கு இலவசம் கிடையாது. முன்வாசலில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், கையில் ஐம்பது ரூபாய்த் தாள். பக்கத்திலிருந்த அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை, கையை மட்டும் நீட்டினார். "எங்க?" என்றார். "சைதாப்பேட்டை" என்றேன். "ஒரு சைதாப்பேட்ட" என்று சொல்லித் தாளைப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்தார். தாள் கை மாறிக் கை மாறிக் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டது. ஒவ்வொரு கையிலும் "ஒரு சைதாப்பேட்ட" மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது. போச்சுடி ஐம்பது ரூபாய் என்றுதான் நினைத்தேன். இரண்டு நிறுத்தம் கழித்துத் திரும்பி வந்தது பார்! டிக்கெட்டை நீளவாக்கில் மடித்து, அதற்குள் சில்லறைத் தாள்களை வைத்து, நாணயங்கள் விழாமல் நுனியை முறுக்கி இருந்தது. யார் முறுக்கினார்கள் என்று தெரியாது. எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. எண்ணிப் பார்த்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. இப்போது நானும் நடுவில் நிற்கும் நாட்களில் "ரெண்டு கிண்டி" "ஒரு மவுண்ட் ரோடு" என்று வாங்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நீ வந்தால் இடது பக்க சீட்டைப் பிடி, அதுதான் பெண்களுக்கு.

கல்லூரிக்குப் போவது பறக்கும் ரயிலில். பெயரைக் கேட்டு ஏமாறாதே, தூணுக்கு மேலே போகிறது, அவ்வளவுதான். ஆனால் ஸ்டேஷன்களைப் பார்க்க வேண்டும் நீ! ஒவ்வொன்றும் கல்யாண மண்டபம் நான்கைச் சேர்த்துக் கட்டியதுபோல் இருக்கும், உள்ளே ஆள் இருக்காது, புறா இருக்கும். திருவல்லிக்கேணி தாண்டியதும் ஜன்னலில் கீழே பார்த்தால் கறுப்பாக ஒரு சாக்கடை கூடவே வரும். முதல் மாதம் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். போன வாரம் வகுப்பில்தான் தெரிந்தது, அது பக்கிங்ஹாம் கால்வாய். கூவத்திலிருந்து அடையாறு வரை சுமார் 8 கிலோமீட்டர், அந்தத் துண்டை 1877-78இல் வெட்டியவர்கள் பஞ்சத்தில் வேலை கேட்டு வந்த ஜனங்கள். நிவாரண வேலை. எந்தப் பஞ்சம் தெரியுமா? உன் ஆச்சி சொல்வார்களே, தாது வருசத்துப் பஞ்சம், புளியங்கொட்டையை அவித்துத் தின்றார்களாம் என்று, அதேதான். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். மண் சுமந்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. ஆச்சி அந்தக் கதையைச் சொல்லும்போது நாம் இருவரும் எழுந்து ஓடிவிடுவோம், ஞாபகம் இருக்கிறதா? இப்போது அந்தக் குழிக்கு மேலேதான் தினமும் இரண்டு தடவை போய் வருகிறேன். ஆச்சியிடம் சொல். இன்னும் என்னென்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டு எழுதிவை, விளையாட்டில்லை, எனக்குப் படிப்புக்கே வேண்டும்.

அங்கே சாரல் நன்றாக இருக்கிறது, அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று எழுதி வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருக்கிறாய். இங்கே நடப்பதைக் கேள். மத்தியானம் வரை மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. வெயிலில் தரை சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகும். அதனால் ஒன்று, இரண்டு மணி வாக்கில் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். வரும் நிமிடம் தெரியும்: கொடியில் தொங்கும் துணி எல்லாம் ஒரே நேரத்தில் மேற்குப் பக்கம் திரும்பும். பக்கத்து அறை அக்கா, "வந்துடுச்சு" என்பாள், வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள். சில நாள் அது வருவதே இல்லை, இல்லாவிட்டால் சாயங்காலம்தான் வரும். ஏனென்றால் மேற்கிலிருந்து வரும் மேகாத்து பலமாக அடித்தால் கடல் காற்றை உள்ளே விடாது. எந்த மேகாத்து? செங்கோட்டைக் கணவாய் வழியாக உங்களுக்குச் சாரலைத் தூவிவிட்டுப் போகும் அதே ஆடிக் காற்றுதான். மழையை மலையிலேயே இறக்கி வைத்துவிட்டு, இங்கே வெறுங்கையோடு வருகிறது. ஆக, நீ அருவியில் குளிக்கும் நாளில் நான் வேகிறேன்.

படிக்க இடம் கிடைத்துவிட்டது. கோட்டூர்புரத்து அண்ணா நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. போட்டித் தேர்வுக்காரர்கள் காலையிலேயே டிபன் பாக்ஸோடு வந்து இடம் பிடித்துவிடுகிறார்கள். ஏ.சி.க்காக வருகிறோம் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை, நானும்தான்.

பி.எட். கவுன்சலிங் என்ன ஆச்சு? அதைப் பற்றி ஒரு வரி இல்லை உன் கடிதத்தில். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று எழுது, என்னிடம் என்ன மறைப்பு.

இப்போது கடிதம் அலைந்த கதை. இந்த ஊரின் பழைய தெருக்களில் ஒரு வீட்டுக்கு இரண்டு நம்பர். ஒரு காலத்தில் எண்களை மாற்றினார்கள், புதியது வந்தது, ஆனால் பழையது போகவில்லை. சுவரில் இரண்டையுமே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் விடுதி பழைய எண் 12, புதிய எண் 27. நீ வெறும் 12 என்று எழுதியதால் புதிய 12க்குப் போய்விட்டது. அந்த வீட்டுத் தாத்தா விசாரித்து விசாரித்து, விடுதி வாசலில் வந்து நின்று, "பேச்சியம்மாள்னு இங்க யாரும்மா?" என்று கேட்டார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "தென்காசியா? எந்தத் தெரு?" என்றார். நான் தெருப் பெயரைச் சொன்னேன், அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார்.

அடுத்த தடவை இரண்டு எண்ணையும் எழுது. சரி, வேண்டாம், 12 என்றே எழுது.

உன்,
பேச்சி